ஜியோதெர்மல் கரண்டு: பூமிக்கடியில இருக்கற சுடுதண்ணி எப்படி நடந்துக்கும்? சேலத்துக்காரங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் படிச்சது ஜியாலஜி, பொழப்பு சேலம் சுத்துவட்டாரத்துல போர் பாயிண்ட் பாத்து குடுக்கறது. அதனால பூமிக்கடியில எதுன்னாலும் கேள்வி என்கிட்ட வந்துடுது, இப்பல்லாம் ஜியோதெர்மல், அதாவது பூமிக்கடியில இருக்கற சூட்ட எடுத்து கரண்ட் பண்றது, அத பத்தி தான் ஜாஸ்தி. காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு கேக்கறாங்க, தோட்டத்துக்காரங்க சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறாங்க, தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு மாளல. மொத்தமா இங்கயே எழுதிடறேன்.

சேலத்துல இது முடியுமாங்க? ஏற்காடு மலையே பழைய எரிமலைன்னு சொல்றாங்களே?

எரிமலை எல்லாம் கிடையாதுங்க, யாரோ கிளப்பிவிட்டது. சேர்வராயன் மலை முழுக்க சார்னகைட் பாறை, வயசு கிட்டத்தட்ட 250 கோடி வருஷம், ஒரு காலத்துல பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து அப்பறம் மெல்ல மேல வந்தது. ஆழத்துல வெந்தப்பவே அதுல இருந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் கணிசமா வெளியேறிடுச்சு. இது ஏன் முக்கியம்னா, எரிமலை இல்லாத ஊர்ல பாறைக்குள்ள சூட்ட உண்டாக்கறதே அந்த மூணும் தான், கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு சூடு விடும். நம்ம பாறைல அது கம்மி, அதனால சூடும் கம்மி.

உலக சராசரி எடுத்தா ஒரு கிலோமீட்டர் கீழ போனா 25லருந்து 30 டிகிரி ஏறும். நம்ம பக்கம் அதுல பாதி தான். சந்தேகம் இருந்தா கோலார் தங்கவயல பாருங்க, நம்ம ஜனங்க எத்தனையோ பேர் தலைமுறையா போய் வேலை பாத்த இடம், 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், அவ்ளோ ஆழத்துலயும் பாறை சூடு 65 டிகிரியை ஒட்டி தான் இருந்துச்சு. மனுஷன் நின்னு வேலை செய்ய அது நரகம், ஆனா டர்பைன் ஓட்ட பத்தாது. நல்லா கரண்ட் எடுக்க 200 டிகிரியாவது இருந்தா தேவல, அதுக்கு இங்க பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல போகணும். உலகத்துலயே ஆழமா தோண்டின ஓட்டை ரஷ்யாவுல கோலால இருக்கு, 12,262 மீட்டர், இருவது வருஷம் கிட்ட தோண்டினாங்க, அடியில 180 டிகிரி. அதுவும் நம்மள மாதிரி பழைய பாறை பூமி தான்.

ஆஸ்திரேலியாவுல கூப்பர் பேசின்னு ஒரு இடம், அங்க எரிமலை இல்ல, ஆனா அடியில இருக்கற கிரானைட்ல யுரேனியமும் தோரியமும் நிறைய, மேல கிலோமீட்டர் கணக்குல படிவுப்பாறை மூடி சூட்ட வெளிய விடாம வெச்சிருக்கு, அதனால 4 கிலோமீட்டர்லயே 240 டிகிரி. கிரானைட்னு பேர் ஒண்ணு தான், எல்லா கல்லும் ஒண்ணு இல்லைங்க.

எங்க போர்ல 1000 அடில தண்ணி வெதுவெதுப்பா வருது. அப்ப அடியில சூடு இருக்குன்னு தானே அர்த்தம்?

1000 அடின்னா 300 மீட்டர். நம்ம ஊர் சராசரி வெயில் சூடு ஒரு 28 வெச்சுக்கங்க, 300 மீட்டருக்கு ஒரு நாலு டிகிரி கூடும், அவ்ளோ தான். மீதி சப்மெர்சிபிள் மோட்டார் சூடும், வெயில்ல கிடக்கற பைப்பும். கால் மணி நேரம் ஓட விட்டு அப்பறம் கைய வெச்சு பாருங்க.

ரிசர்வாயர்னு சொல்றாங்களே, மேட்டூர் டேம் மாதிரி அடியில சுடுதண்ணி ஏரி இருக்குமா?

இருக்காது. அடியில இருக்கறது பாறை தான், பாறைக்குள்ள வெடிப்பு, இடுக்கு, சின்ன சின்ன துளை, அதுக்குள்ள தண்ணி. ஓமலூர்லயோ வாழப்பாடிலயோ போர் போட்டவங்களுக்கு இத சொல்லவே வேண்டியதில்ல, 700 அடி வரைக்கும் வெறும் புகையா பறக்கும், திடீர்னு ஒரு இடுக்குல ரெண்டு இஞ்ச் தண்ணி அடிக்கும், பத்தடி தள்ளி போட்டிருந்தா அதுவும் இல்ல. ஜியோதெர்மல் கிணறும் அப்படித்தான், ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல நடக்குது, அவ்ளோ தான் வித்தியாசம். முழு கிணத்துல பல சமயம் ஒரு சில வெடிப்பு தான் பெரும்பாலான தண்ணியும் குடுக்கும்.

ஆனா ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கங்க, கீழ வர்ற எல்லா பதிலும் இதுல இருந்து தான் வருது. சூடு பெரும்பாலும் தண்ணில இல்ல, பாறைல இருக்கு. மொத்த சூட்டுல பத்துக்கு எட்டு ஒம்பது பங்கு கல்லுல. தண்ணி வெறும் கூலி ஆள், சூட்ட தூக்கிட்டு மேல வர்றது மட்டும் தான் அதோட வேலை. அப்ப கேள்வியே என்னன்னா தண்ணி எந்த வழியா போகுது, எவ்ளோ நேரம் கல்லோட ஒட்டி இருக்குது, அத தள்ற பிரஷர் எவ்ளோ நாளைக்கு நிக்கும்.

250 டிகிரி தண்ணின்னா ஆவியா தானே இருக்கணும்?

பிரஷர்ங்க. குக்கர்ல நடக்கறது தான். 10 பார் பிரஷர்ல (நம்ம மேல காத்து அமுக்கறது 1 பார் கிட்ட) தண்ணி 180 டிகிரில தான் கொதிக்கும், 40 பார்ல 250 டிகிரி. ஒரு கிலோமீட்டர் தண்ணி மேல நின்னு அமுக்குச்சுன்னா 80 பார் கிட்ட வந்துடும், அப்ப 250 டிகிரி தண்ணி சாதுவா தண்ணியாவே கிடக்கும். கிணத்துல மேல ஏற ஏற பிரஷர் குறையும், ஒரு உயரத்துல படார்னு கொதிச்சு ஸ்டீமும் தண்ணியும் கலந்து மேல வரும். பம்பே வேணாம், அதுவே தூக்கிட்டு வரும்.

சரி, எடுக்க ஆரம்பிச்சா அடியில முதல்ல என்ன மாறும்?

பிரஷர். சூடு இல்ல, பிரஷர் தான் முதல்ல விழும். நிறைய பேர் எடுக்க எடுக்க ஆறிடும்னு நெனைக்கறாங்க, ஆறறதுக்கு பல வருஷம் ஆகும், ஆனா பிரஷர் மாசக்கணக்குலயே பேச ஆரம்பிச்சுடும். பக்கத்து தோட்டத்துக்காரன் புது போர் போட்ட மறுவாரமே நம்ம போர்ல தண்ணி எறங்குதே, அங்க என்ன தண்ணி நடந்தா போச்சு? பிரஷர் மாற்றம் தண்ணிய விட ரொம்ப வேகமா பரவும்.

இதுக்கு பாடம் மாதிரி இருக்கறது நியூசிலாந்துல வைராக்கே. 1958ல பவர் ஸ்டேஷன் ஓட ஆரம்பிச்சுது, தண்ணி ஜாஸ்தி இருக்கற வகை வயல்ல (பூமிச்சூடு எடுக்கற இடத்த வயல்னு தான் சொல்வோம்) பெரிய அளவுல செஞ்சது அது தான் முதல்ல. அப்ப ரீஇஞ்செக்ஷன், அதாவது தண்ணிய திருப்பி உள்ள விடறது, கிடையாது, எடுத்த தண்ணிய சூட்ட எடுத்துட்டு ஆத்துல விட்டுட்டாங்க. அடியில பிரஷர் 25 பார் கிட்ட விழுந்துச்சு. அதுக்கப்பறம் நடந்தது எல்லாம் வரிசையா வந்தது, பக்கத்துல டூரிஸ்ட் பாக்க வந்துட்டு இருந்த கீசர் பள்ளத்தாக்குல சுடுதண்ணி ஊத்து எல்லாம் அடங்கி போச்சு, ஏன்னா தண்ணிய மேல தள்ற பிரஷர் இல்ல. இன்னொரு பக்கம், பிரஷர் குறைஞ்சதால ரிசர்வாயர் மேல்பகுதில தண்ணி கொதிச்சு ஸ்டீம் தொப்பி மாதிரி சேந்துச்சு, அந்த ஸ்டீம் வேற இடத்துல தரைய பொத்துக்கிட்டு புதுசா வந்துச்சு. ஊத்து செத்த ஊர்லயே ஆவி கூடிப்போச்சு. மேல இருந்த மெத்து மெத்துன்னு இருக்கற மண்பாறை பிரஷர் எறங்கினதும் அமுங்க ஆரம்பிச்சு, ஒரு இடத்துல தரை 15 மீட்டர் எறங்கிடுச்சு. அஞ்சு மாடி உயரம்ங்க! அது சின்ன வட்டத்துக்குள்ள தான் நடந்தது, ஊரே முங்கலன்னாலும் பைப்லைன், ரோடு எல்லாம் பாடு பட்டுச்சு. 1990கள் கடைசில தான் தண்ணிய திருப்பி விட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அந்த வயல் கரண்ட் குடுத்துட்டு இருக்கு, அதையும் சொல்லணும்.

வெறும் ஸ்டீம் மட்டும் வர்ற இடம் இருக்காமே, அது இன்னும் லாபம் தானே?

லாபம் தான், தண்ணிய பிரிக்கற வேலை இல்ல, நேரா டர்பைனுக்கு விட்டுடலாம். இத்தாலில லார்டெரெல்லோ அப்படித்தான், 1904லயே அஞ்சு பல்ப் எரிய வெச்சு காட்டினாங்க, 1913ல 250 கிலோவாட் பிளான்ட். ஆனா அந்த மாதிரி வயல் உலகத்துல ரொம்ப கொஞ்சம்.

பெருசு எதுன்னா கலிஃபோர்னியாவுல கீசர்ஸ்ங்கற வயல். 1960ல 11 மெகாவாட்ல ஆரம்பிச்சு, ஆளாளுக்கு கம்பெனி வந்து கிணறு போட்டு, 1980கள் கடைசில 2000 மெகாவாட்டுக்கு பிளான்ட் நின்னுச்சு. எல்லாரும் ஒரே பானைல இருந்து உறிஞ்சறாங்கன்னு தெரிஞ்சும் யாரும் நிறுத்தல, நம்ம ஊர்ல ஒரே ஓடைய ஒட்டி எல்லாரும் போர் போட்டு 1200 அடிக்கு போன கதை தான். ஸ்டீம் பிரஷர் மளமளன்னு விழுந்துச்சு. பாறைல சூடு அப்படியே இருந்தும் தூக்கிட்டு வர தண்ணி இல்ல! அப்பறம் ஊர்க்கழிவு தண்ணிய சுத்திகரிச்சு பைப் போட்டு மலை மேல கொண்டு போய் உள்ள விட்டாங்க, 1997ல லேக் கவுன்டில இருந்து, 2003ல சான்டா ரோசா டவுன்ல இருந்து. சரிவு மெதுவாச்சு. ஆனா பழைய 2000 திரும்ப வரல, பாதிக்கும் கம்மியா தான் ஓடுது. சாக்கடை தண்ணி கரண்டா மாறுது பாருங்க, எனக்கு இந்த துறைல ரொம்ப புடிச்ச ஏற்பாடு இது தான்.

அப்ப எடுத்த தண்ணிய முழுசா திருப்பி உள்ள விட்டுட்டா பிரச்சனையே இல்லையே?

பாதி சரி. பிரஷர் நிக்கும், தரை எறங்காது, ஆர்சனிக் போரான் கலந்த தண்ணி ஆத்துக்கு போகாது. ஆனா நீங்க உள்ள விடறது ஆறின தண்ணி. அது எடுக்கற கிணத்துக்கு போய் சேர்ற வழில போதுமான கல்ல தொட்டுட்டு போச்சுன்னா சூடாகி தான் போகும், சந்தோஷம். நடுவுல பெரிய வெடிப்பு ஒண்ணு நேர்வழி குடுத்துச்சுன்னா, சுத்தி இருக்கற கல்ல தொடாமயே சர்ருன்னு போய் எடுக்கற கிணத்த ஆற வெச்சுடும். இதனால நல்ல கிணறுகளே கெட்டு போயிருக்கு.

அதனால எங்க விடறதுங்கறது தான் மொத்த சூட்சுமமே. கிட்ட விட்டா பிரஷர் நல்லா நிக்கும், ஆனா ஆறிடும். தள்ளி விட்டா ஆறாது, பிரஷர் உதவி வந்து சேராது. வயலோட ஓரத்துல, ஆழமா விடறது பொதுவான வழக்கம், ஆனா விட்டு பாத்து, கிணறு மாத்தி, மறுபடி பாத்து தான் ஒவ்வொரு வயல்லயும் கண்டுபிடிக்கறாங்க. ஒரே தடவைல சரியா வரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

எந்த வழியா போகுதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? உள்ள போய் பாக்க முடியாதே?

சாயம் விட்டு பாக்கறது. ட்ரேசர்னு சொல்வோம். உள்ள விடற தண்ணில ஃப்ளோரசின் மாதிரி சாயமோ சூட்டுக்கு தாங்கற நாஃப்தலீன் வகை கெமிக்கலோ கலந்து விட்டு, சுத்தி இருக்கற கிணறுல எல்லாம் தினமும் சாம்பிள் எடுப்பாங்க. ரெண்டு நாள்ல பக்கத்து கிணத்துல நிறைய வந்துடுச்சுன்னா அபாயம், நேர்வழி இருக்கு. மாசக்கணக்குல லேசா லேசா வந்தா நல்லது, தண்ணி நாலா பக்கமும் சுத்திட்டு வருதுன்னு அர்த்தம். இதுல அழகு என்னன்னா சாயம் வர்ற வேகத்த விட குளிர்ச்சி வர்ற வேகம் பல மடங்கு கம்மி, ஏன்னா ஆறின தண்ணி போற வழில கல்லு அத சூடாக்கிட்டே இருக்கும், வழி முழுக்க கல்லு ஆறினா தான் குளிர்ச்சி போய் சேரும். அதனால சாயம் முன்னாடியே வந்து எச்சரிக்கை குடுத்துடுது, கிணறு மாத்த வருஷக்கணக்குல டைம் கிடைக்கும்.

சாயம் போக, கிணத்துக்குள்ள பிரஷர், டெம்பரேச்சர், தண்ணி ஓடற வேகத்த காட்டற சுழல் மீட்டர் மூணையும் ஒண்ணா எறக்கி எந்த ஆழத்துல தண்ணி நுழையுதுன்னு பாப்பாங்க. தரைல புவியீர்ப்பு அளப்பாங்க, அடியில தண்ணி போய் ஸ்டீம் வந்தா எடை குறையுமில்ல, அது நூல் அளவுக்கு மீட்டர்ல தெரியும். தரை எறங்கறத இப்ப சாட்டிலைட் ரேடார்லயே பாத்துடறாங்க.

ஒரு வயல்ல எவ்ளோ கரண்ட் வரும்னு எப்படி கணக்கு போடறீங்க?

கையாலயே போடலாம் வாங்க. நீள அகல ஆழம் ஒவ்வொரு கிலோமீட்டர்னு ஒரு பாறைத்துண்டு எடுத்துக்கங்க. ஒரு கனமீட்டர் பாறை ஒரு டிகிரி ஆறினா சுமார் 24 லட்சம் ஜூல் குடுக்கும். ஒரு கன கிலோமீட்டர்ங்கறது 100 கோடி கனமீட்டர். 50 டிகிரி ஆற விட்டு, கிடைச்ச சூட்டுல பத்துல ஒரு பங்கு தான் கரண்டா மாறும்னு வெச்சு, 30 வருஷத்துக்கு பிரிச்சா 12 மெகாவாட் கிட்ட வரும். மேட்டூர் அனல்மின் நிலையம் பழசும் புதுசும் சேத்து 1440 மெகாவாட். அந்த அளவுக்கு வேணும்னா 120 கன கிலோமீட்டர் பாறை வேணும், அதுவும் எல்லா மூலைலயும் தண்ணி போய் சூட்ட எடுத்துட்டு வந்தா. நிஜத்துல வெடிப்பு ஓடற பக்கம் தான் எடுக்க முடியும், நிறைய கல்லு தொடப்படாமயே கிடக்கும், அதனால இந்த கணக்க அப்படியே இன்வெஸ்டர்கிட்ட காட்டறவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வரும்.

இது தீராத எனர்ஜின்னு சொல்றாங்களே, உண்மையா?

எவ்ளோ வேகமா எடுக்கறீங்கங்கறத பொறுத்தது. கீழ இருந்து வர்ற சூடு ரொம்ப மெதுவு, பிளான்ட் எடுக்கறது அத விட பல மடங்கு வேகம். நிறுத்தினா பிரஷர் சில வருஷத்துல ஏறிடும், ஆனா ஆறின கல்லு பழைய சூட்டுக்கு வர நூறு வருஷக்கணக்கு. அளவா எடுத்தா நூறு வருஷம் ஓட்டலாம், பேராசைப்பட்டா 30 வருஷம். லார்டெரெல்லோ நூறு தாண்டி இன்னும் ஓடுது, நடுவுல புது கிணறு போட்டு, ஆழமா போய், தண்ணிய திருப்பி விட்டு தான்.

இதனால நிலநடுக்கம் வருமா? பயமா இருக்கே.

சின்ன சின்ன அதிர்வு சகஜம், மெஷினுக்கு மட்டும் தெரியும். பாறை வெடிப்புகள் ஏற்கனவே இறுக்கமா நின்னுட்டு இருக்கும், தண்ணிய அழுத்தி விட்டா அந்த இறுக்கம் தளர்ந்து வழுக்கும், அதான் காரணம். ஆறின தண்ணி பட்டு கல்லு சுருங்கறதும் ஒரு காரணம்.

ஆனா ரெண்டு இடத்துல கைமீறி போச்சு. சுவிட்சர்லாந்துல பாசெல் டவுனுக்கு நேர் அடியில, 5 கிலோமீட்டர் ஆழத்துல, தண்ணி அழுத்தி பாறைய உடைச்சு செயற்கையா ரிசர்வாயர் பண்ண பாத்தாங்க, 2006 டிசம்பர் 8ல 3.4 ரிக்டர் வந்துச்சு, ப்ராஜெக்ட்டே போச்சு. தென் கொரியாவுல போஹாங், 2017 நவம்பர் 15, 5.5 அளவு, ஆஸ்பத்திரில நிறைய பேர், ஆயிரக்கணக்குல கட்டிடம் சேதம். 2019ல அந்த அரசாங்கம் போட்ட குழுவே இந்த ஜியோதெர்மல் தண்ணி தான் தூண்டிவிட்டதுன்னு சொல்லிடுச்சு, தண்ணி விட்டது யாரும் கவனிக்காத ஒரு பிளவுக்கு பக்கத்துல. இது ரெண்டுமே இயற்கையா தண்ணி ஓடற வயல் இல்ல, காய்ஞ்ச கெட்டிப்பாறைய உடைச்சு வழி உண்டாக்கற டைப். சேலத்துல யாராச்சும் பண்ணணும்னா இந்த டைப் தான் பண்ண முடியும், அதனாலயும் சொல்றேன், இங்க வேணாம்.

பைப்ல உப்பு புடிக்குமா?

பயங்கரமா. நம்ம போர் தண்ணிக்கு வாட்டர் ஹீட்டர்ல வெள்ளையா புடிக்குதே, அதே சுண்ணாம்பு கிணத்துக்குள்ள தண்ணி கொதிக்க ஆரம்பிக்கற ஆழத்துல புடிச்சு குழாய அடைக்கும். இன்னொண்ணு சிலிகா, கண்ணாடி மாதிரி, இது தண்ணி ஆறினப்பறம் வரும், அதனால திருப்பி விடற கிணறுல பாறை இடுக்கயே அடைச்சுடும். இதுக்கு பயந்தே பல பிளான்ட்ல தண்ணிய ஒரு அளவுக்கு மேல ஆற விடறதில்ல, சூடு வீணா போனாலும் பரவால்லன்னு.

திருச்செங்கோடு ரிக் வண்டியால இந்த கிணறு போட முடியாதா?

நம்ம வண்டி இந்தியா முழுக்க போய் போர் போடுது, அதுல பெருமை தான். ஆனா அது கம்ப்ரசர் காத்துல சுத்தியல் அடிச்சு ஆறரை இஞ்ச்ல சில ஆயிரம் அடி போற மெஷின். இங்க 2000, 3000 மீட்டர், ஒண்ணுக்குள்ள ஒண்ணா கேசிங் எறக்கி ஒவ்வொண்ணையும் சிமென்ட் போட்டு அடைக்கணும், 250 டிகிரி ஸ்டீம் பீறிட்டா பூட்டி நிறுத்த வால்வு செட் வேணும். எண்ணெய் கிணறு ரிக் தான் சரி. செலவும் அதுல தான் போகும், போட்ட கிணறுல சிலது வேலைக்கே ஆகாது, நம்ம ஃபெயிலியர் போர் மாதிரியே தான், காசு மட்டும் கோடிக்கணக்குல.

கம்ப்யூட்டர் மாடல் போட்டு சொல்லிடுவாங்களாமே?

பெர்க்லி லேப்ல எழுதின டஃப்-2ன்னு ஒரு ப்ரோக்ராம், இந்த துறைல ரொம்ப பேர் அத தான் ஓட்டறாங்க. வயல கட்டம் கட்டமா பிரிச்சு, முதல்ல மனுஷன் கை வைக்கறதுக்கு முன்னாடி இருந்த நிலை தானா வருதான்னு கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான வருஷம் ஓட்டி பாப்பாங்க, அப்பறம் இத்தனை வருஷம் எடுத்த கணக்கு குடுத்து அளந்த பிரஷரோட ஒத்து போகுதான்னு பாத்து பாறையோட தன்மைக்கு குடுத்த நம்பர மாத்தி மாத்தி சரி பண்ணுவாங்க. எத்தனை வருஷ அளவு கைல இருக்கோ கிட்டத்தட்ட அத்தனை வருஷம் முன்னாடி தைரியமா சொல்லலாம். ஆறு மாச டேட்டாவ வெச்சு 30 வருஷம் சொல்ற ரிப்போர்ட்ட ஓரமா வெச்சுடுங்க.

இந்தியாவுல வேற எங்க சான்ஸ் இருக்கு?

லடாக்ல புகா பள்ளத்தாக்கு தான் முதல்ல, 4400 மீட்டர் உயரம், தரைலயே 84 டிகிரி தண்ணி கொப்புளிக்குது. 1970கள்லயே ஜியாலஜிகல் சர்வே கிணறு போட்டு பாத்தது, 2021ல ஓஎன்ஜிசி லடாக் நிர்வாகத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு. தெலங்கானாவுல மணுகூறு பக்கம் சிங்கரேணி நிலக்கரி கம்பெனி 20 கிலோவாட் சின்ன பிளான்ட் வெச்சிருக்கு, நிலக்கரி தேடி போட்ட ஓட்டைல சுடுதண்ணி வந்ததால. சத்தீஸ்கர் தாதாபானி, இமாச்சல் மணிகரண் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. தமிழ்நாட்டுல நம்ம பக்கத்த விட டெல்டா பக்கம் அடி சூடு கொஞ்சம் ஜாஸ்தி, அங்க படிவுப்பாறை, சூட்ட சீக்கிரம் வெளிய விடாது.

இத படிக்கணும்னா எங்கருந்து ஆரம்பிக்கறது?

ஜியாலஜி டிகிரி சேலம் அரசு கலைக் கல்லூரிலயே இருக்கு, பெரியார் பல்கலைக்கழகத்துலயும் இருக்கு. ரிசர்வாயர் பக்கம் போகணும்னா கணக்கு நல்லா வரணும். முதல்ல சாதா கிணத்து கணக்க புடிங்க, பம்ப் ஓடறப்ப தண்ணி மட்டம் எப்படி எறங்கும்னு 1935ல தைஸ்னு ஒரு அமெரிக்கர் சூத்திரம் எழுதினார், அத அவர் எடுத்ததே கெட்டிப்பொருள்ல சூடு பரவற கணக்குல இருந்து தான், இன்னைக்கு ஜியோதெர்மல் கிணறு டெஸ்ட்டுக்கும் அடித்தளம் அது தான். உங்க தோட்டத்து போர்லயே ஒரு டேப்பும் ஸ்டாப்வாட்சும் வெச்சு மட்டம் எறங்கறத குறிச்சு கிராஃப் போடுங்க, மோட்டார் ஆஃப் பண்ணப்பறம் ஏறறதையும் விடாம குறிங்க, அதுல தான் விஷயம் ஜாஸ்தி. மேல போகணும்னா ஐஸ்லாந்துல 1979லருந்து நடக்கற ஆறு மாச ஜியோதெர்மல் பயிற்சி இருக்கு, வளரும் நாட்டு ஆளுங்களுக்குன்னே ஆரம்பிச்சது, இந்த துறைல வேலை பாக்கறவங்கள தான் எடுப்பாங்க. அதனால காலேஜ் முடிச்ச கையோட அப்ளை பண்ணாதீங்க, ரெண்டு வருஷம் எங்கயாச்சும் ஃபீல்டுல மண்ணு மிதிச்சுட்டு போடுங்க.